அடுப்புக்கு மேல் காய்ந்த பாக்கு

வெரளுகந்தைக்கு ரோட்டுப் போடப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் ஊரில் ஒருவரும் சந்தோஷப்பட மாட்டார்கள். முதலில் போய் ஓரத்தில் கல் கொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேர்தல் வந்தால் கல் குவியல் வரும், தேர்தல் போனால் குவியலும் போகும். போன கல் எந்த வீட்டு அத்திவாரத்துக்குள் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அக்குறணைக் கடைத்தெருவிலிருந்து பிரிந்து மலை ஏறுகிற பாதை அது. அடிவாரத்தில் சிங்கள வீடுகள், நடுவில் முஸ்லிம் வீடுகள், உச்சியில் பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள். ஒரு காலத்தில் காலையும் மாலையும் பஸ் ஏறி இறங்கிய பாதைதான். ஒரு மழைக்கு மதகு உட்கார்ந்தது, பஸ்ஸும் நின்றது. அதன் பிறகு த்ரீவீலர்கூட மதகு வரைக்கும்தான். அதற்கு மேலே காலும் தலைச்சுமையும்.

இந்தத் தடவை வந்த கதை கொஞ்சம் வேறு மாதிரி. பிரதேச சபையிலிருந்து வந்தவர்கள் கல் கொண்டு வரவில்லை, கேள்வி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஊர் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வேலியோரத்தில் ஒரு துண்டு நிலமும் விட வேண்டும். ஊரில் பாதிக்கு மேல் சம்மதம் என்றால் உச்சி வரைக்கும் தார் போட்ட காபட் ரோட்டு, டிப்போவிலிருந்து பஸ். சம்மதம் இல்லை என்றால் அந்தக் காசு வேறு ஊருக்குப் போகும். நீங்களே வாக்கெடுத்துச் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

வாக்கெடுப்பு என்றதும் ஊருக்கு வந்தது பாருங்கள் சந்தேகம், அது இதுவரை வந்த எல்லாச் சந்தேகத்துக்கும் மேலே. கடதாசியை யார் அடிப்பது? அடிக்கிறவன் பத்து கூடுதலாக அடித்தால்? புள்ளடிக் குறி போட்டால் கை நடுக்கத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்களே? ரோட்டு வேண்டாம் என்றவன் நாளைக்குப் பள்ளிவாசலிலும் பௌத்தப் பன்சாலையிலும் எந்த முகத்தோடு நிற்பது?

கடைசியில் வழி சொன்னவர் வின்சன்ட். தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மதகுக்குப் பக்கத்தில் வீடு. மூன்று மதத்துக்காரரும் அவருடைய பேச்சைக் கொஞ்சம் கேட்பார்கள்.

“கடதாசியே வேணாம்ங்க. ஒவ்வொரு வீட்லயும் சாதிக்கா இருக்கு, கொட்டப்பாக்கு இருக்கு. சாதிக்கான்னா ரோட்டு வேணும். பாக்குன்னா வேணாம். வீட்டுக்கு ஒருத்தர் ரெண்டையும் கொண்டு வரட்டும். தெர மறவுல ஒண்ண டின்னுல போட்டுட்டு, மத்தத மூடுன கையோட வீட்டுக்குக் கொண்டு போயிடணும். அம்புட்டுதான்.”

சாதிக்காயும் கொட்டைப்பாக்கும் மூடிய கைக்குள் ஒரே பருமன். வாசனைச் சாமான் விளைகிற மலை, வளவுள்ள எந்த வீட்டிலும் இரண்டும் கிடக்கும். ஊர் ஒப்புக்கொண்டது. எண்ணுவதற்கு வின்சன்ட், பாலர் பாடசாலை டீச்சர் சஞ்சீவனி, பிறகு அஸீம் என்று மூன்று பேரைப் பிடித்தார்கள்.

அஸீம் அந்த மலையில் மிளகு, கராம்பு, சாதிக்காய், பாக்கு எல்லாம் தோட்டம் தோட்டமாக வாங்கி அக்குறணைக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அவருடைய தராசில் கல்லடியில் புளி ஒட்டியிருக்காது என்று ஊரே சொல்லும். பொல்லாத ஊர் அது, லேசில் ஒருவரை நல்லவர் என்று சொல்லிவிடாது. அதனால் அஸீமுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ரோட்டு வேண்டும் என்று வீடு வீடாகப் பேசித் திரிந்ததும் அவர்தான். காரணம் வீட்டிலேயே இருந்தது. மகள் ஷிபானாவுக்குக் கண்டியில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்கான படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம், தினமும் போய் வர வேண்டும். வகுப்பு முடிந்து அக்குறணையில் இறங்கும்போது மஃரிப் ஆகி இருட்டிவிடும். அதற்கு மேல் அந்தக் குண்டு குழிப் பாதையில் தனியாக ஒரு பெண் பிள்ளை எப்படி ஏறுவது?

“பஸ் வந்தா போ. வராட்டி அந்தக் கதைய விடு” என்று அஸீம் முடிவாகச் சொல்லியிருந்தார்.

“வாப்பா, பஸ் வந்தா நெசமா அனுப்புவீங்க தானே?”

“நான் எப்ப பொய் செல்லீக்கிறேன்?”

ஷிபானா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் முற்றத்தில் நின்று பாதையைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, பஸ் ஏற்கனவே வந்துகொண்டிருப்பது போல.

மனைவி ருக்கியாவின் பக்கம்தான் அஸீமுக்கு லேசாக இடித்தது. வீடும் வளவும் ருக்கியாவுக்குச் சீதனமாக வந்தவை. வேலியோரத்தில் அவளுடைய உம்மா நட்ட கராம்பு மரம் இரண்டு நின்றன. ரோட்டு அகன்றால் இரண்டும் போகும்.

“மரம் ரெண்டும் போகும். வீடு வீடா போய்ப் பேசுறீங்க, இத யோசிச்சீங்களா?” என்றாள் ருக்கியா, பராட்டாவுக்கு மா குழைத்துக்கொண்டே.

“ரெண்டு மரத்துக்காக ஊர் முழுக்க ரோட்டுக் கிடங்கில உழுந்து எழும்பணுமா?”

“நான் அப்பிடிச் செல்லல்ல. மரம் போகும் எண்டு செல்றேன். போறதச் செல்லவும் கூடாதா?”

“புள்ளட படிப்பப் பாரு.”

“புள்ளயப் பெத்தது நான். எனக்கு நீங்க செல்லித் தர வேணா.”

மாவை அவள் அறைந்த அறையில் பலகை ஒரு சாண் நகர்ந்தது. அஸீம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் வாக்கெடுப்பு. காலையிலிருந்து தூறல். குடையும் தலையில் போட்ட பொலித்தீன் பையுமாகச் சனம் வந்தது. அஸீம் எண்ணுகிற மேசையில் இருந்ததால் அவருடைய வீட்டு வாக்கைப் போட ருக்கியா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மூடியபடி திரைக்குப் பின்னால் போனாள், வந்தாள். அஸீம் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால்தான் என்ன என்று அஸீம் நினைத்தார்.

த்ரீவீலர் ஓட்டுகிற ஸாகி உள்ளே போனபோது மண்டபத்தில் ஒரு கசமுசா. பஸ் வந்தால் அவனுக்குத்தானே நட்டம்.

“என்னய ஏன் பாக்குறீங்க? இந்த ரோட்டுல என்ட வண்டிட எலும்பெல்லாம் முறிஞ்சிட்டு. நான் சாதிக்காதான் போடுவேன்” என்று அவன் கத்தினான்.

“செல்லிப் போட்டுப் போற வாக்கு என்ன வாக்கு?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நம்பியவர் ஒருவரும் இல்லை.

லயத்து ஆட்கள் கடைசியாக வந்தார்கள். அவர்களில் கறுப்பையாவும் ஒருவர். அஸீமின் மூட்டைகளை மலையிலிருந்து மதகு வரைக்கும் தலையில் சுமந்து இறக்குகிறவர். ஐம்பது கடந்த ஆள், கழுத்து மட்டும் காளையின் கழுத்து. உள்ளே போய் நிதானமாக வெளியே வந்து, மேசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தி எண்ணத் தொடங்கினார்கள். பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்ததும் சஞ்சீவனி சாதிக்காயை ஒரு பக்கமும், அஸீம் பாக்கை ஒரு பக்கமும் ஒதுக்கினார்கள். வின்சன்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார்.

பாக்கில் கை வைத்த உடனே அஸீமுக்கு விளங்கியது, ஊர் செய்த பிழை. கடதாசியில் புள்ளடி போட்டால் ஆள் தெரியும் என்று பயந்து, அவரவர் தோட்டத்துக் காயைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அந்தக் காயை எல்லாம் வருடக்கணக்காக வாங்குகிறவரையே எண்ணவும் உட்கார வைத்திருக்கிறார்கள். இது ஓடைக்கரைத் தோட்டத்துப் பாக்கு, நுனி கூர். இது ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருடையது, பள்ளிவாசலில் ரோட்டுக்காக துஆக் கேட்டவர் அவர். அஸீமுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பிறர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்க்காமல் ஒதுக்க முயன்றார், விரல்கள் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பாக்கு வந்தது. அடி தட்டை, பக்கத்தில் செம்மை. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். கராம்பு விறகுப் புகை வாசம். மலையில் வேறு யாரும் பாக்கை அடுப்புக்கு மேலே பரண் கட்டி உலர்த்துவதில்லை, ருக்கியா ஒருத்திதான். அது அவருடைய வீட்டுப் பாக்கு, அந்தக் குவியலில் அப்படி ஒன்றே ஒன்று.

இவ்வளவு பேசியும், இவ்வளவு நடந்தும், இரண்டு மரத்துக்காக! ஷிபானா முற்றத்தில் நிற்கிற நிற்பு கண்ணுக்குள் வந்தது.

“முப்பது சாதிக்கா” என்றாள் சஞ்சீவனி, அவளுக்குத் தெரிந்த தமிழில். “அந்தப் பக்கம் எவ்வளவு அஸீம் நானா?” என்று, ஊரைப் போலவே அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அஸீம் எண்ணியிருந்தார். முப்பத்தொன்று. ஒரே ஒரு பாக்கு ஊருக்குப் பஸ்ஸை வரவிடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது, அதுவும் அவர் வீட்டுப் பாக்கு.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மாதிரிக்கு இரண்டு மூன்று சாதிக்காய் கிடக்கும். என் வீட்டு வாக்குத்தானே என்று நினைத்தார். வீட்டுக்காரன் நான். அவள் போட்ட பிழையை நான் திருத்துகிறேன், வேறு யாருடையதையும் தொடவில்லையே. சஞ்சீவனி முப்பதைக் குறித்துக்கொள்ளக் குனிந்து, வின்சன்ட் கண்ணாடியை மாட்டுவதற்குள் பாக்கு பைக்குள் போனது, சாதிக்காய் பாக்குக் குவியலோரத்துக்கு உருண்டது.

“டீச்சர், இஞ்ச ஒண்டு கலந்து கிடக்கு. சாதிக்கா முப்பத்தொண்டு. பாக்கு முப்பது.”

வின்சன்ட் ஒரு தரம் எண்ணினார். சரியாக இருந்தது. கதவைத் திறந்து சொன்னார்கள். மண்டபம் ஒரு நிமிடம் நம்பவில்லை. பிறகு எழும்பிய ஆரவாரத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. ஒரே வாக்கில் வந்திருக்கிறதே, ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ என்று யாரோ இழுத்தபோது பத்துப் பேர் பாய்ந்தார்கள்.

“எண்ணினது யாரு? அஸீம் நானா. வாயப் பொத்து.”

எல்லோரையும் எல்லோரும் சந்தேகித்த அந்த ஊர், சந்தேகிக்க வேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டது.

வீட்டில் ஷிபானா ஓடி வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். ருக்கியா இறைச்சிக் கறியும் நெய்ச்சோறும் ஆக்கி வைத்திருந்தாள். அஸீம் உட்கார்ந்து நான்கு வாய் தின்றார். அடுப்பங்கரையிலிருந்து அந்தப் புகை வாசம் வந்துகொண்டே இருந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

மகள் உள்ளே போனதும் கேட்டார்.

“எனக்கு ஒரு பதில் செல்லு. என்னத்தப் போட்டாய்?”

ருக்கியா நிமிர்ந்தாள். “என்ன கேள்வி இது? ஒத்தருக்கும் செல்லக் கூடா எண்டு நீங்க தானே ஊருக்குச் செல்லிக் குடுத்தீங்க?”

“செல்லத் தேவையில்ல. எனக்குத் தெரியும். பாக்குத்தான் போட்டாய். உம்மாட மரத்துக்காக மகள்ட படிப்ப வித்துட்டாய்.”

ருக்கியா எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, கைப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடி தட்டை, பக்கத்தில் செம்மை.

“மத்தத மூடின கையோட கொண்டு வரச் சென்னாங்க. கொண்டு வந்தேன். சாதிக்காயத் தான் போட்டேன். மரம் போகுதே எண்டு மனசு எரிஞ்சிட்டுத் தான் போட்டேன். போதுமா?”

அஸீம் அதைத் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது.

“அப்ப எங்கட பாக்கு...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“எங்கட பாக்குக்கு என்ன?”

“வேற யாருக்கும் குடுத்தியா?”

“லயத்துல மரமா ஈக்கிது? பாக்கும் சாதிக்காயும் வேணும் அக்கா எண்டு வந்து நிண்டாங்க. நாலஞ்சு வீட்டுக்குக் குடுத்தேன். ஏன், கணக்குக் காட்டணுமா?” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். ஊரின் பிழை அவளுக்கும் விளங்கிவிட்டது. “பாக்கப் பாத்து ஆளக் கண்டு புடிக்கவா அங்க போய்க் குந்தியிருந்தீங்க?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் வழக்கம்போலக் கறுப்பையா வந்தார். மழை விட்டு, மலை முழுக்க ஈரமண் வாசம். ருக்கியா கொடுத்த பிளேன் டீயை எப்போதும் போல நின்றுகொண்டே குடித்தார். கதிரையில் உட்காரச் சொன்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். ஒரு சாதிக்காய்.

“அக்கா குடுத்ததுங்க. வெல உள்ள சாமான். நம்மகிட்ட எதுக்கு கெடக்கணும்னு கொண்டாந்தேன்.”

அஸீம் கையை நீட்டவில்லை. சாதிக்காய் திரும்பி வருகிறது என்றால் டின்னுக்குள் போனது எது?

“நீ... பாக்கப் போட்டியா கறுப்பையா?”

“ஆமாங்க. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? ரோட்டு வந்தா லொறி மேல வரும். அப்பறம் இந்தத் தலைக்கு என்ன வேல? மாசா மாசம் பங்கு வேற குடுக்கணும். சம்சாரம் சொல்லுச்சு, மொதலாளி மனசு நோகும், சாதிக்காவ போடுன்னு. நான்தான் யோசிச்சுப் பாத்தேன். நம்மளையும் ஒரு ஆளா மதிச்சு ஒரு வாக்கு குடுத்திருக்காங்க. அதுல பொய் சொல்லப்படாதுன்னு போட்டேன்.”

அஸீம் அத்தனை வீட்டுக்கும் போய்ப் பேசியவர். லயத்துக்கும் போய்ப் பேசினார். மூட்டை சுமக்கிறவன் ரோட்டு வந்தால் என்ன செய்வான் என்று ஒரு தடவை கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

“தோத்துட்டோம், பரவாயில்லீங்க” என்றார் கறுப்பையா. “ஒண்ணுலதான போச்சு. லயத்துல பயலுக கொஞ்சம் சந்தேகப்பட்டானுங்க. நான்தான் சொன்னேன், எண்ணுனது நம்ம மொதலாளிடா, வாய மூடிக்கிட்டுப் போங்கடான்னு.”

சாதிக்காயைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, மிளகு மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் இறங்கத் தொடங்கினார்.

வாசலில் ஷிபானா தலை சீவிக்கொண்டு நின்றாள். “வாப்பா, இண்டைக்குக் கண்டிக்குப் போய்ப் பேரப் பதிஞ்சிட்டு வரலாமா?” முகமெல்லாம் வெளிச்சம்.

அஸீம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயை இறுக்க மூடிக்கொண்டால் போதும். சஞ்சீவனிக்குத் தெரியாது, வின்சன்டுக்குத் தெரியாது, பிரதேச சபைக்கு எப்படித் தெரியும்? பஸ் வரும், மகள் போவாள். கறுப்பையாவுக்கு வேறு ஏதாவது வேலை பார்த்துக் கொடுக்கலாம். இப்படி எல்லாம் மனம் நியாயம் பேசியது. நேற்று மண்டபத்தில் பேசியதும் இதே மனம்தான். அடுப்பங்கரை வாசலில் ருக்கியா நின்று, கணவனுடைய முகத்தையும் தட்டில் கிடந்த சாதிக்காயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கொஞ்சம் பொறு மகள்” என்றார். செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார்.

இரண்டாம் வளைவில் பிடித்தார். மழைத் தண்ணீர் அறுத்த கிடங்கைச் சுற்றி, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துக் கறுப்பையா இறங்கிக்கொண்டிருந்தார்.

“கறுப்பையா, நில்லு.”

தலையில் சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாது. முழு உடம்பையும் திருப்பி நின்றார். அஸீம் நேற்றுப் போட்ட அதே சட்டையின் பையிலிருந்து பாக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இது ஒன்ட பாக்கு. நேத்து டின்னுக்குள்ள கிடந்தது. ருக்கியா போட்டது எண்டு நெனச்சு நான் எடுத்துட்டேன். சாதிக்காய வெச்சேன். ரோட்டு வேணாம் எண்டு சென்னது தான் வென்றீக்கிது. நான் மாத்திட்டேன்.”

கறுப்பையா பாக்கைப் பார்த்தார். அஸீமைப் பார்த்தார். மேலே எங்கோ தண்ணீர் சொட்டியது.

“அக்கா போட்டதுன்னு நெனச்சு எடுத்தீங்க?”

“ஓ” என்று அஸீம் தலையாட்டினார்.

“அக்கா போட்டதா இருந்தா எடுக்கலாமா?”

கறுப்பையா குனிந்து, மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிப் பாதையின் நடுவில் வைத்தார். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அஸீமின் கையிலிருந்து பாக்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

“நான் மொதல்ல வின்சன்ட் ஐயா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வந்து உங்க வாயால சொல்லுங்க.” இரண்டடி இறங்கிவிட்டு நின்றார். “மூட்டைய நடுரோட்டுல விட்டுட்டு வராதீங்க மொதலாளி. தூக்கிட்டு வாங்க.”

அவர் போய்விட்டார். அஸீம் இரண்டு தடவை தூக்கப் பார்த்து, மூன்றாவது தடவை எப்படியோ மூட்டையைத் தலைக்கு ஏற்றினார். கழுத்து உடைந்துவிடும் போல இருந்தது. கிடங்கு எங்கே, கல் எங்கே என்று குனிந்து பார்க்க முடியவில்லை. அத்தனை வருடம் ஏறி இறங்கிய ரோட்டில், காலால் தடவித் தடவி இறங்கத் தொடங்கினார்.